சூடான டயரில் இறக்கிய காற்று

பிள்ளைகளா, கடைக்கு வரும் வண்டிகள் ஏன் பாதியாகக் குறைந்துபோயின என்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்டீர்களாம். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன். காலை ஆறு மணியிலிருந்து குனிந்து குனிந்து எழுகிறவனுக்குச் சாயங்காலம் வாயைத் திறப்பதே இன்னொரு வேலையாகத் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளலாம்.

அவனியாபுரத்திலிருந்து ரிங் ரோட்டில் ஏறும் இடத்தில் இருக்கிற நம் கடையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், டியூபை முக்கிப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் உள்சுவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதில் சாக்பீஸால் வரிவரியாக எழுதியிருப்பேன். முதலில் வண்டியின் நம்பர். பக்கத்தில் முன்டயருக்கு எவ்வளவு காற்று, பின்டயருக்கு எவ்வளவு என்று இரண்டு எண்கள். வாடிக்கை வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வண்டி வந்து நின்றதும் சுவரைப் பார்ப்பேன், காற்றை அளக்கும் கேஜை வைப்பேன், சுவரில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவருவேன். கூட இருந்தால் இறக்குவேன், குறைந்திருந்தால் ஏற்றுவேன்.

மற்ற கடைகளில் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு "போதும், போ" என்பார்கள். நான் அப்படி விட்டதில்லை. முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் மறுபடி குனிவேன். அதனால் வேன் ஸ்டாண்டில் எனக்கு 'நகைக்கடைத் தராசு' என்று பேர். "என்ன தராசு, கடை தொறந்தாச்சா?" என்று கேலி பண்ணிக்கொண்டே வருவார்கள். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் அது பிடித்திருந்தது. படிப்பில் வாங்காத பேர் இதிலாவது கிடைத்ததே என்று.

இந்த வருஷம் கத்திரி வெயிலில், மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கோச்சடைக்கார டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நம் வீட்டுக்குக்கூட ஒருமுறை முருங்கைக்காய் கட்டு கொடுத்தாரே, அவர்தான். ஒரு காய்கறி முதலாளியின் குட்டியானைச் சரக்கு வண்டியை அவர் எட்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது, ஆனால் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"மாப்ள, பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது. இடுப்பு கழண்டு போச்சு. காத்து கூடக் கெடக்கான்னு பாரு."

"எங்கேருந்து வார?"

"கோவில்பட்டி. ஒரே மிதி. டீக்குக்கூட நிப்பாட்டல."

பின்டயரில் கேஜை வைத்தேன். எழுபத்தாறு காட்டியது. சுவரில் அறுபத்தைந்து என்று எழுதியிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது.

"யாரு இம்புட்டு அடிச்சு விட்டது? வெளியூர்ல எங்கயும் புடிச்சியா?"

"உன்னய விட்டா நான் எவன்கிட்ட போறேன்? போன வாரம் நீ புடிச்சதுதான்."

"நான் புடிச்சா அறுபத்தஞ்சுதான் இருக்கும்."

"அப்ப வெயில் வந்து ஊதிட்டுப் போயிருக்கும், போ."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அதுதான் உண்மை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் குனிந்து வால்வின் ஊசியை அழுத்தினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. ரப்பர் வாடையோடு, விரலில் அடிக்கும்போதே சூடாக இருந்தது. நான்கு டயரிலும் இறக்கிச் சுவரில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவந்து மூடியைத் திருகினேன். "தராசுல வச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் விடியும் முன்பே அவர் வெறும் வண்டியோடு ஒட்டன்சத்திரம் போய்த் தக்காளி ஏற்றியிருக்கிறார். திரும்பி வரும்போது வாடிப்பட்டி தாண்டி, பதினொரு மணி வெயிலில், பின்பக்கம் இடது டயர் வெடித்துவிட்டது. வண்டி ஒருக்களித்துச் சாய்ந்தது. நல்லவேளையாகப் பக்கத்தில் வேறு வண்டி இல்லை. அவருக்குக் காரை எலும்பு முறிந்தது. தக்காளி முழுக்க ரோட்டில் கூழாகிப்போனதாம்.

இரண்டு நாள் கழித்து முதலாளி கடைக்கு வந்தார். வெடித்த டயரைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். ரப்பர் தேய்ந்து கரித்தூள் மாதிரி கையில் ஒட்டியது.

"ஓவர் லோடு. வேற ஒண்ணுமில்ல" என்றார் முதலாளி. "என் சரக்குக்கு மேல எவன் சரக்கையோ ஏத்தி வாடகை பாத்துருக்கான். காத்து நீங்கதான பாத்தது?"

"ஆமா, மொதலாளி."

"சரியா வச்சீகளா?"

"பின்னாடி அறுபத்தஞ்சு. சுவத்துல பாருங்க."

அவர் சுவரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "உங்க கை தப்பாது. அப்ப அவன்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பொய் சொல்லவில்லை. கேஜ் காட்டியதைத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு பேச்சில் டிரைவர் திருடனாகிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். தோளில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். "மாப்ள, ஒரு பொட்டி கூட நான் சேத்து ஏத்தல. நீயாவது நம்புறியா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். சொல்லிக்கொண்டே மனசுக்குள் வேறு கணக்குப் போட்டேன். என் காற்று சரியாக இருந்தது. டயரும் அவ்வளவு பழசில்லை. அப்படியானால் இவர்தான் ஏற்றியிருக்க வேண்டும். இதைத்தான் பிள்ளைகளா, எழுதக் கை வரவில்லை. நேற்றே எழுதவேண்டிய இந்த ஒரு பத்தியை இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு பரவியது. எலும்பு கூடிய பிறகும் யாரும் அவரை நம்பி வண்டியைக் கொடுக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவள் தரையில் புத்தகத்தை விரித்து வைத்து, பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

"மூடிய கலத்தில் உள்ள வாயுவின் பருமன் மாறாதபோது, வெப்பநிலை உயர்ந்தால் அழுத்தமும் உயரும்."

"அதை இன்னொருக்கா படி" என்றேன்.

நான் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் பார்க்காமலே சொன்னாள். புரியவில்லை என்றேன். புத்தகத்தை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "யப்பா, ஒரு டப்பாக்குள்ள காத்தை அடைச்சாச்சுன்னு வையி. டப்பா பெருசாகாது, காத்தும் வெளிய போகாது. சூடு ஏத்துனா உள்ள இருக்கிற துகளெல்லாம் வேகமா ஓடிச் சுவத்துல மோதும். அந்த மோதல்தான் அழுத்தம்."

"டயரு டப்பாவா?"

"ஆமாப்பா. எங்க மிஸ்ஸே டயரைத்தான் சொன்னாங்க."

"பலூனும்தான்" என்றான் சின்னவன்.

"பலூன் பெருசாகும்டா. டயர் பெருசாகாதுல்ல, அதான் அது வேற கணக்கு."

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று நீங்கள் கேட்டதாக அம்மா சொன்னாள். கோபமில்லை. எழுபத்தாறு என்று நின்ற முள் கண் முன்னால் வந்துவிட்டது.

ஆனாலும் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர எனக்குத் துணிச்சல் இல்லை. மறுநாள் விடிந்ததும் நம் மொபெட்டின் பின்டயரில் கேஜை வைத்தேன். முப்பது. உச்சி வெயிலில் திருமங்கலம் வரை போய்த் திரும்பி வந்து வைத்தேன். முப்பத்துமூன்றைத் தாண்டி நின்றது. நிழலில் நிறுத்தி, சாயங்காலம் வைத்தேன். மறுபடி முப்பதுக்கு வந்திருந்தது. இடையில் ஒரு பொட்டுக் காற்று நான் ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. மூன்று நாள் அப்படியே செய்தேன். மூன்று நாளும் அதே கதைதான்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இந்தச் சங்கதியெல்லாம் என் கைக்கு இருபது வருஷமாகத் தெரியும். சைக்கிளுக்குப் பம்பு அடித்தால், நாலு அடியில் பம்பின் அடிக்குழாய் சுடும். ஏன்? குழாய் நிறைய இருக்கிற காற்றைக் கொஞ்ச இடத்துக்குள் வேகமாக நெருக்குகிறோம். நெருக்குகிற நம் உழைப்புதான் அதற்குள் சூடாகப் போய்ச் சேருகிறது. கம்ப்ரசரிலிருந்து டேங்குக்குப் போகிற குழாயில் நீங்கள் சின்ன வயதில் கை வைத்து அலறினீர்களே, அதுவும் இதுதான். டேங்கில் நெருக்கி வைத்த காற்றைத் திறந்துவிட்டால், அது விரியும்போது குழாயின் முனை ஜில்லென்று ஆகும். இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். இடத்தை மாற்றாமல் சூட்டைக் கூட்டினாலும் அழுத்தம் கூடும். இடம் கொடுத்தால், பலூன் மாதிரி, ஊதிப் பெருகும். புத்தகத்தில் இதற்கெல்லாம் வெள்ளைக்காரப் பேர்கள் இருக்கின்றன, என் வாயில் நுழையவில்லை. கைக்குத் தெரிந்ததைத் தலைக்குக் கொண்டுபோக எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அன்றைக்கு நடந்தது இதுதான். கோவில்பட்டியிலிருந்து நிற்காமல் ஓடிவந்த டயரில் அளவான காற்றுதான் இருந்தது. சூட்டினால் முள் ஏறி நின்றது. நான் அதை மிச்சக் காற்று என்று நினைத்துத் திறந்துவிட்டேன். முள் அறுபத்தைந்துக்கு வந்தது. ராத்திரி டயர் ஆறியதும் அது ஐம்பத்தைந்து பக்கம் இறங்கியிருக்கும். அதைப் பார்க்க யாரும் இல்லை. அந்தக் குறைந்த காற்றோடு சுமை ஏறியிருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் சப்பையாக உட்காரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கிப் பாருங்கள், அந்த இடம் சுடும், பிறகு அறுந்து போகும். டயருக்குள்ளும் அதேதான். முதலாளி கொண்டுவந்த டயரில் என் கையில் ஒட்டிய கரித்தூள் அப்படி அரைபட்ட ரப்பர். மேல்சுமை ஏற்றாமலே அது நடக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது இரண்டே கேள்விதான்.

"சொன்னா கடை என்னாகும்?"

"தெரியல. ஆளு வாரது நின்னுரும்."

"சொல்லலைன்னா?"

எழுந்து சட்டையை மாட்டினேன். "சாப்புட்டுட்டுப் போங்க" என்றாள்.

முதலில் நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். டிரைவர் செங்கல் அடுக்கின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை இன்னும் தலைக்கு மேலே முழுசாகத் தூக்க வரவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது, முப்பத்துமூன்று என்று மொபெட் கணக்கையும் சொன்னேன்.

கடைசியில், "வெயில் வந்து ஊதிட்டுப் போயிருக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

"சொன்ன."

"நீ வாத்தியார் கணக்கா மொறச்ச."

"ஆமா."

சரிந்திருந்த ஒரு செங்கல்லை அடுக்கில் நேராக வைத்தார். பிறகு கேட்டார். "ஆஸ்பத்திரில நம்புறேன்னு சொன்னியே மாப்ள. நம்புனியா?"

"இல்ல" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே ஒருவர் சென்ட்ரிங் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றபோது டிரைவர், "சரி. டீ குடிக்கிறியா?" என்றார். குடித்தோம்.

மறுநாள் முதலாளியின் கொட்டகைக்குப் போனேன். சொன்னதை அவர் பாதியிலேயே நிறுத்தினார். "காத்துக்குக் காய்ச்சலா? நாலு மாசம் கழிச்சு வந்து கதை சொல்றீக." அப்போதுதான் அவருடைய இன்னொரு வண்டி திண்டுக்கல்லிலிருந்து வந்து நின்றது. நான் கேஜை அவர் கையிலேயே கொடுத்து வைக்கச் சொன்னேன். எழுபத்தைந்து காட்டியது.

"இந்த வண்டியை நெழல்ல விடச் சொல்லுங்க, மொதலாளி. மூணு மணி நேரம் கழிச்சு நீங்களே வச்சுப் பாருங்க. யாரும் டயரைத் தொட வேணாம்."

"எனக்கு வேற சோலி இல்லைன்னு நெனச்சீகளா?"

திட்டிக்கொண்டேதான் உள்ளே போனார். நான் வேப்பமரத்தடியில் டயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வேலை எதுவும் செய்யவில்லை, ஆனால் அன்றைக்குப் போல உடம்பு என்றைக்கும் அசந்ததில்லை. ஐந்து மணிக்கு அவராகவே கேஜை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். அறுபத்தைந்து. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அறுபத்தைந்துதான்.

"அப்ப அன்னைக்கு நீங்க எறக்குனது?"

"நல்லா இருந்த காத்தை எறக்கிட்டேன். தப்பு என்னுது."

அவர் என்னைத் திட்டினார். அதை இங்கே எழுதவேண்டியதில்லை. "பெரிய தராசாம்" என்று முடித்தார். நான் தலையைக் குனிந்து நின்றேன். பிறகு, "அவரு வேற சரக்கு ஏத்துனாருன்னு யாரும் பாத்தாகளா, மொதலாளி?" என்று கேட்டேன்.

"எல்லாம் நசுங்கிக் கெடந்துச்சு. பொட்டியை நான் எங்க எண்ணுனேன்?" என்றார், என்னிடம் சொல்வது போலவும் இல்லை, தனக்கே சொல்வது போலவும் இல்லை. கேஜை என் கையில் கொடுத்துவிட்டு, "அவனை வரச் சொல்லுங்க" என்றார்.

"நீங்களே கூப்புடுங்க, மொதலாளி. திருடன்னு நீங்கதான சொன்னது."

என்னை முறைத்துவிட்டுப் போனை எடுத்தார். நான் நிற்காமல் கிளம்பிவிட்டேன்.

போன வாரத்திலிருந்து டிரைவர் பழையபடி அந்த முதலாளியின் வண்டியை ஓட்டுகிறார். முதலாளியும் ஸ்டாண்டில் எல்லோரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். உள்ளதை உள்ளபடி என்றால், என்னைப் பற்றியதும் சேர்த்துத்தான். அதனால்தான் பிள்ளைகளா, கடையில் வண்டி குறைந்தது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. தங்கள் உயிரைச் சுமந்து போகிற வண்டிக்கு யோசித்துத்தான் காற்றுப் பிடிப்பார்கள். இன்னும் வருகிறவர்களிடமும், டயர் சூடாக இருந்தால் இறக்க மாட்டேன், ஆறட்டும், இல்லையென்றால் காலையில் வாங்க என்கிறேன். "கடைக்கு வந்தா காத்திருக்கச் சொல்றாரு" என்று அதற்கும் ஒரு பேச்சு. கோச்சடை டிரைவர் இன்னும் நம் கடைக்கு வரவில்லை. ரிங் ரோட்டில் போகும்போது ஹாரன் மட்டும் அடிக்கிறார்.

முதலாளியின் கொட்டகையிலிருந்து திரும்பிய அன்று நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. கடையைத் திறந்தேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. கம்ப்ரசரைப் போடவில்லை. வெடித்த வண்டியின் வரி சுவரில் அப்படியே இருந்தது, நான்கு மாசமாக நான் அதை அழிக்கவே இல்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனவன் அழிக்காமல் நின்றேன். துணியைத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்து, அந்த அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் 'ஆறின பிறகு' என்று எழுதினேன். பிறகு அதற்கு மேல்வரியில். அதற்கும் மேல்வரியில். கீழே இருந்த வரிகளுக்குக் குந்தி உட்கார்ந்து எழுதினேன். கடைசி வரிக்கு வரும்போது சாக்பீஸ் நகத்தளவு ஆகிவிட்டது. அதையும் எழுதி முடித்து, கையைத் தொட்டியில் கழுவிவிட்டு, ஷட்டரை இறக்கினேன்.